கேள்விக்குறியை எங்கே போடுவது?

(திருவண்ணாமலையில் பாலிடெக்னிக் மாணவர்களும் சீரியல் செட் தொழிலில் இருப்பவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கட்டளைகள் வாயால் சொன்னபடியே அச்சிடப்பட்டுள்ளன.)



அழைப்பிதழில் ‘புரோகிராமர்’ என்று பார்த்துவிட்டு, ஐ.டி. கம்பெனி வேலைக்கு வழி சொல்லப்போகிறேன் என்று நினைத்து யாராவது வந்திருந்தால் மன்னிக்க வேண்டும். நான் சொல்லும் புரோகிராமர் ஆள் இல்லை. விரல் நீளத்தில் ஒரு போர்டு. ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் பத்துக் கம்பி ஓடும் பட்டை கேபிள். கணினியில் எழுதிய நிரலைச் சிப்புக்குள் ஏற்றித் தருவது அதன் வேலை. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இந்த ஊரில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. மலை உச்சியில் ஏற்றுகிற தீபத்துக்கு நெய்யும் திரியும் போதும், அங்கே நமக்கு வேலை இல்லை. ஆனால் தீபத் திருவிழாவுக்குக் கீழே ஊர் முழுக்க எரிகிறதே, அது நம் வேலை. முன்பு சீரியல் செட்டை ஓட்டியது மோட்டார் டிரம். சுழலும் உருளைமேல் பித்தளைத் தகடு ஒட்டியிருக்கும், அதைத் தொட்டுத் தொட்டுப் போகும் பிரஷ். உருளை சுற்றச் சுற்ற வரிசை வரிசையாகப் பல்பு எரிந்து அணையும், மயில் தோகை விரிக்கும், சக்கரம் சுழலும். ஆட்டத்தை மாற்ற வேண்டும் என்றால் தகட்டைப் பிரித்து வேறு மாதிரி ஒட்ட வேண்டும். பிறகு 555, 4017 என்று ஐ.சி.கள் வந்தன. அதற்குப் பிறகு மைக்ரோகண்ட்ரோலர். இப்போது ஆட்டம் முழுவதும் நிரலில் இருக்கிறது. தகடு ஒட்டுகிற இடத்தில் புரோகிராமர் வந்து உட்கார்ந்துகொண்டது.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. “அண்ணே, இந்தச் சிப்புக்கு இந்தப் புரோகிராமர் ஆகுமா?” இந்தக் கேள்வியைத் தொழிலில் இருப்பவர்கள் யாரிடம் கேட்கிறார்கள்? விற்கிறவரிடம். அவர் “எல்லாத்துக்கும் ஆகும், எடுத்துட்டுப் போங்க” என்பார். இல்லாவிட்டால் யூடியூபில் யாரோ ஒருவர் தட்டுகிற கட்டளையை எழுத்துப் பிசகாமல் பார்த்துத் தட்டுகிறோம். அவருக்கு ஓடுகிறது, நமக்கு ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று அந்த வீடியோ சொல்லாது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஆகுமா ஆகாதா என்ற கேள்வியை நிரல் ஏற்றும் மென்பொருளிடமே கேட்கலாம். அதற்கு வசதி இருக்கிறது, நாம் பயன்படுத்துவதில்லை.

முதலில், பொருத்தம் என்றால் என்ன? கல்யாணத்துக்குத்தான் பத்துப் பொருத்தம். இங்கே ஒன்று போதும். சிப் எந்த வழியாக நிரலை வாங்கிக்கொள்ளுமோ, அந்த வழி புரோகிராமருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனிப் பெயரோ விலையோ இதில் பேசாது.

ஏவிஆர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நார்வேயில் ட்ரான்ட்ஹைம் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வொல்லன் என்ற இரண்டு மாணவர்கள் வடிவமைத்தது. அட்மெல் கம்பெனி 1990களின் பிற்பாதியில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, 2016இல் அட்மெல்லையே மைக்ரோசிப் வாங்கிவிட்டது. அர்டுய்னோ ஊனோ போர்டின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஏடிமெகா 328பி இந்தக் குடும்பம்தான். 28 கால் கொண்ட அந்தச் சிப்பில் 17, 18, 19ஆம் கால்கள் வழியாக நிரல் போகும், 1ஆம் கால் ரீசெட். இந்த வழிக்கு ஐஎஸ்பி என்று பெயர். சிப்பைக் கழற்றாமல் போர்டிலேயே வைத்து ஏற்றலாம். அரிசி அளவுக்கு இருக்கும் ஏடிடைனி 10க்கு அத்தனை கால் கிடையாது, அதற்கு டிபிஐ என்று வேறு வழி. எக்ஸ்மெகா சிப்புகளுக்குப் பிடிஐ. புதிதாக வந்த ஏடிடைனி 1614, ஏடிமெகா 4809 போன்றவற்றுக்கு யூபிடிஐ, ஒரே ஒரு கம்பிதான். ஏடிடைனி 11 என்று பழைய சிப் ஒன்று உண்டு, ரீசெட் காலில் 12 வோல்ட் கொடுத்தால்தான் வாயைத் திறக்கும். இவை எதுவும் வேண்டாம் என்றால், சிப்புக்குள் முன்பே ஒரு சிறு நிரலை வைத்துவிட்டு அதன் மூலம் மீதியை ஏற்றலாம். அதுதான் பூட்லோடர். ஊனோவை யூஎஸ்பி கேபிளால் இணைத்து ஏற்றுகிறோமே, அது இந்த வழி.

நம் ஊரில் அதிகம் புழங்கும் புரோகிராமர் யூஎஸ்பிஏஎஸ்பி. ஜெர்மனியின் தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்து, வரைபடத்தோடு பொதுவில் விட்டது. அதைப் பார்த்து ஆயிரம் பேர் நகல் செய்துவிட்டார்கள். அதைத் திறந்து பார்த்தால் உள்ளேயும் ஒரு ஏவிஆர் சிப்தான் இருக்கும். அதற்கு ஐஎஸ்பி தெரியும், டிபிஐ தெரியும். யூபிடிஐ தெரியாது. ஆகையால் ஏடிடைனி 1614ஐ வைத்துக்கொண்டு யூஎஸ்பிஏஎஸ்பியோடு விடிய விடியப் போராடினாலும் ஒன்றும் நடக்காது. அதே சிப்பை ஒரு சாதாரண யூஎஸ்பி சீரியல் அடாப்டரும் ஒரு ரெசிஸ்டரும் வைத்து ஏற்றிவிடலாம். செலவு குறைவு, விஷயம் தெரிந்திருந்தால்.

இனி கட்டளைக்கு வருவோம். ஏவிஆர்டியூட் என்ற மென்பொருள். பிரையன் டீன் என்பவர் தம் உபயோகத்துக்காக ஃபிரீபிஎஸ்டி கணினியில், பிரிண்டர் மாட்டுகிற பேரலல் போர்ட் வழியாக நிரல் ஏற்ற எழுதியது. பிறகு யோர்க் வூன்ஷ் போன்றவர்கள் பல ஆண்டு கட்டிக் காத்தார்கள். இன்றைக்கு அர்டுய்னோ மென்பொருளில் ‘அப்லோடு’ பொத்தானை அழுத்தினால் ஏவிஆர் போர்டுகளுக்குப் பின்னால் ஓடுவது இதுதான். பொத்தானை அழுத்துகிறவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. வெறும் சிப்பை வைத்துச் சொந்தமாகப் போர்டு அடிக்கிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

இதில் இரண்டு எழுத்து முக்கியம். மைனஸ் பி என்றால் சிப். மைனஸ் சி, சிறிய எழுத்து, என்றால் புரோகிராமர். ‘ஏவிஆர்டியூட், மைனஸ் பி, எம்328பி, மைனஸ் சி, யூஎஸ்பிஏஎஸ்பி’ என்று அடித்தால், இந்தப் புரோகிராமர் வழியாக இந்தச் சிப்போடு பேசு என்று அர்த்தம். பெரிய எழுத்தில் மைனஸ் பி போட்டால் அது வேறு, அது போர்ட்: காம்3 என்றோ டிடிஒய்யூஎஸ்பி0 என்றோ வரும். இந்தப் பெரிய பி, சின்ன பி குழப்பத்தில் எத்தனை பேர் சிக்கியிருப்பார்கள் என்று கணக்கே கிடையாது.

இப்போது, தெரியாத இடத்தில் கேள்விக்குறியைப் போடுங்கள். மைனஸ் பி கேள்விக்குறி என்று மட்டும் அடித்தால் அதற்குத் தெரிந்த சிப் எல்லாம் வரும், முந்நூறுக்கு மேல் ஓடும். மைனஸ் சி கேள்விக்குறி என்றால் புரோகிராமர் எல்லாம், அதுவும் நூற்றுக்கு மேல். இது பழைய பதிப்புகளிலும் உண்டு, அவ்வளவு உபயோகமில்லை. நூறு பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2022க்குப் பிறகு வந்த 7ஆம் வரிசைப் பதிப்புகளில்தான் வேலைக்கு ஆகிற மாதிரி மாற்றினார்கள். ஒன்றைச் சொல்லி மற்றதைக் கேட்கலாம்.

கையில் சிப் இருக்கிறது, என்ன புரோகிராமர் வாங்குவது என்று தெரியவில்லையா? மைனஸ் பி, எம்328பி, மைனஸ் சி, கேள்விக்குறி. அந்தச் சிப்புக்கு ஆகிற புரோகிராமர்கள் மட்டும் வரும். எந்த வழியாக ஆகும் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். கையில் இருப்பது புரோகிராமர், இதை வைத்து எந்தெந்தச் சிப்பை ஏற்றலாம் என்று பார்க்க வேண்டுமா? மைனஸ் சி, யூஎஸ்பிஏஎஸ்பி, மைனஸ் பி, கேள்விக்குறி. சிப்புகளின் பட்டியல் வரும். கடைக்குப் போவதற்கு முன்னால், போர்டுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், சிப்பையோ புரோகிராமரையோ கணினியில் மாட்டாமலே இதைக் கேட்கலாம்.

லினக்ஸில் ஒரு சின்ன எச்சரிக்கை. கேள்விக்குறிக்கு ஷெல்லிலும் ஒரு பொருள் உண்டு, ஏதாவது ஓர் எழுத்து என்று. நீங்கள் நிற்கிற ஃபோல்டரில் ஓர் எழுத்துப் பெயரில் ஃபைல் ஒன்று இருந்துவிட்டால், கேள்விக்குறிக்குப் பதிலாக அந்தப் பெயர் போய்விடும். கேள்விக்குறிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டுவிட்டால் தொல்லை இல்லை.

இந்தப் பதில் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். ஏவிஆர்டியூட் டாட் கான்ஃப் என்று ஒரு ஃபைல் கூடவே வரும். சாதாரண எழுத்துதான், நோட்பேடில் திறக்கலாம். ஒவ்வொரு சிப்புக்கும் ‘பிராக் மோட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். 328பிக்கு அந்த வரியில் ஐஎஸ்பி, உயர் வோல்டேஜ் பேரலல், டீபக்வயர், பூட்லோடர் என்று நான்கு வழிகள். ஒவ்வொரு புரோகிராமருக்கும் அதே மாதிரி ஒரு வரி. யூஎஸ்பிஏஎஸ்பிக்கு டிபிஐ, ஐஎஸ்பி. இரண்டு வரியிலும் பொதுவாக ஒன்றாவது இருந்தால் பட்டியலில் பெயர் வரும், இல்லாவிட்டால் வராது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் வருகிற கணங்களின் வெட்டு, அவ்வளவுதான். பிளஸ் டூ முடித்த ஒரு தம்பி அந்த ஃபைலை ஒரு மணி நேரம் புரட்டினால், பத்து வீடியோவில் கிடைக்காத தெளிவு கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பட்டியலுக்கு உங்கள் மேசையில் இருப்பது என்ன என்று தெரியாது. 328பி என்று கேட்டு வாங்குவோம், வந்து சேர்வது பி இல்லாத 328. இரண்டும் பார்க்க ஒன்றுதான், மேலே அச்சடித்த எழுத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். கணினி கண்டுபிடித்துவிடும். ஒவ்வொரு சிப்பிலும் மூன்று பைட் கையொப்பம் உண்டு. 328பிக்கு 1ஈ 95 0எஃப். 328க்கு 1ஈ 95 14. நீங்கள் எம்328பி என்று சொல்லி, உள்ளே இருப்பது 1ஈ 95 14 என்றால், எதிர்பார்த்த கையொப்பம் இது இல்லை என்று சொல்லி நின்றுவிடும். நின்றுவிட்டு, வேண்டுமானால் மைனஸ் பெரிய எஃப் போட்டுச் சோதனையைத் தாண்டிப் போகலாம் என்று ஆலோசனையும் சொல்லும்.

அந்த ஆலோசனையை எடுத்துக்கொள்ளாதீர்கள். 328உம் 328பியும் உள்ளே கிட்டத்தட்ட ஒன்று என்பதால் அந்த ஒரு தடவை ஓடிவிடும். அதுதான் கெடுதல். அடுத்த தடவை கம்பி தளர்ந்து கையொப்பம் 00 00 00 என்று வரும்போதும் கை தானாக எஃபைத் தட்டும். எதிரே சிப் பேசவே இல்லை, நாம் எழுதிக்கொண்டிருப்போம். நேர்மையான வழி, மைனஸ் பி, எம்328 என்று உண்மைப் பெயரைச் சொல்வது.

இன்னொரு வகை உண்டு, அது இன்னும் பொல்லாதது. நேனோ என்று விற்கும் மலிவுப் போர்டுகள் சிலவற்றில் இருப்பது அட்மெல் சிப்பே அல்ல, லாஜிக்கிரீன் என்ற சீனக் கம்பெனியின் எல்ஜிடி8எஃப்328பி. பெயரில் 328பி இருக்கிறது. யூஎஸ்பி கேபிளை மாட்டி பூட்லோடர் வழியாக ஏற்றினால் ஏறும். யூஎஸ்பிஏஎஸ்பியை மாட்டினால் பதில் வராது, ஏனென்றால் அதன் நேரடி வழி வேறு, அட்மெல்லின் ஐஎஸ்பி அல்ல. கேபிள் கெட்டுவிட்டதோ, புரோகிராமர் போய்விட்டதோ என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்போம். சிப்பின் முகத்தை முதலில் படித்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை.

சீரியல் செட் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இப்போது சொல்லப்போவது நேரடியாக உதவும். கடையில் வாங்கிய புது 328பி எந்த வேகத்தில் ஓடும்? 16 மெகாஹெர்ட்ஸ் என்பீர்கள். இல்லை. உள்ளே 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர், அதை எட்டால் வகுக்கும் ஃபியூஸ், அதாவது சிப்புக்குள் எழுதி வைக்கும் அமைப்பு, ஒன்று தொழிற்சாலையிலேயே போட்டு வருகிறது. ஆக 1 மெகாஹெர்ட்ஸ். இதனால் இரண்டு தொல்லை.

ஐஎஸ்பி கடிகாரம் சிப்பின் வேகத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்கு 250 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே. யூஎஸ்பிஏஎஸ்பி தானாக எடுத்துக்கொள்வது 375 கிலோஹெர்ட்ஸ். பொருத்தம் எல்லாம் சரி, பேசுகிற வேகம் சரியில்லை. ‘டார்கெட் டசண்ட் ஆன்சர்’ என்று வரும். மைனஸ் பெரிய பி, இது மூன்றாவது பி, ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்து, அதற்குப் பக்கத்தில் 10 போடுங்கள். ஒரு பிட்டுக்கு 10 மைக்ரோ நொடி, அதாவது சுமார் 100 கிலோஹெர்ட்ஸ். பேசும். நகல் யூஎஸ்பிஏஎஸ்பி சிலவற்றில் உள்ளிருக்கும் நிரல் பழையது, ‘எஸ்சிகே பீரியடை மாற்ற முடியவில்லை’ என்று புலம்பும். நிரல் ஏறிவிட்டால் அந்தப் புலம்பலை விட்டுவிடலாம். ஏறவில்லை என்றால் யூஎஸ்பிஏஎஸ்பிக்கே புது நிரல் ஏற்ற வேண்டும், அதற்கு இன்னொரு புரோகிராமர் வேண்டும்.

இரண்டாவது தொல்லை பிக்சல் விளக்கில். டபிள்யூஎஸ்2812 வகை விளக்குக்கு ஒரு பிட் அனுப்ப 1.25 மைக்ரோ நொடி. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் சிப்புக்கு அந்த நேரத்தில் 20 கிளாக் கிடைக்கும், கெட்டிக்காரத்தனமாக எழுதினால் போதும். 1 மெகாஹெர்ட்ஸில் ஒன்றேகால் கிளாக். ஒரு காலை ஏற்றி இறக்கக்கூட நேரமில்லை. நிரல் சரியாக ஏறியிருக்கும், விளக்கு எரியாது, அல்லது கண்ட நிறத்தில் எரியும். நிரலில் பிழை தேடாதீர்கள். லோ ஃபியூஸைப் படித்துப் பாருங்கள். 62 என்று இருந்தால் அதுதான் காரணம். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பொருத்தியிருந்தால் எஃப்எஃப் எழுத வேண்டும். கிரிஸ்டல் இல்லாத போர்டில் எஃப்எஃப் எழுதிவிட்டால் சிப் மௌனமாகிவிடும். செத்துவிடவில்லை. 9ஆம் காலில் வெளியிலிருந்து ஒரு கிளாக் கொடுத்தால் எழுந்து பேசும், ஃபியூஸைத் திருத்திவிடலாம். ஃபியூஸ் எழுத பூட்லோடர் வழி உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஐஎஸ்பி புரோகிராமர் இருந்தே ஆக வேண்டும்.

சொந்தமாகப் போர்டு வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 17, 18, 19ஆம் கால்கள் சும்மா கிடக்கின்றனவே என்று அதில் எல்இடியோ டிரான்சிஸ்டரோ மாட்டிவிடாதீர்கள். மாட்டினால் நிரல் ஏற்றும்போது அந்தச் சுமை சிக்னலை இழுத்துவிடும். மாட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் ரெசிஸ்டர் போடுங்கள்.

பாடத்திட்டத்தில் 8051 படிக்கிற தம்பிகளுக்கும் இதே கதை வேறு உடையில் வருகிறது. ஏடி89சி51, ஏடி89எஸ்52. நடுவில் இருப்பது சி-யா எஸ்-ஸா என்று பாருங்கள். எஸ் என்றால் ஐஎஸ்பி உண்டு, போர்டிலேயே ஏற்றலாம். சி என்றால் கிடையாது, கழற்றி 12 வோல்ட் கொடுக்கிற பேரலல் புரோகிராமரில் வைக்க வேண்டும். ஏவிஆருக்கு ரீசெட் கால் தாழ்ந்தால் ரீசெட், 8051க்கு உயர்ந்தால் ரீசெட். ஒரே கேபிளை மாற்றி மாற்றி மாட்டுகிறவர்கள் இதில் தடுக்கி விழுவார்கள்.

பெரிய கட்அவுட் செய்கிறவர்கள் ஏவிஆரோடு நிற்க முடியாது. ஒரு பிக்சலுக்கு 3 பைட். 328பியிடம் இருக்கிற ராம் 2,048 பைட். மொத்தத்தையும் விளக்குக்கே கொடுத்தாலும் 682 பிக்சல்தான். அதனால் இஎஸ்பி32 பக்கம் போகிறார்கள். அங்கே இஎஸ்பிடூல் என்ற கருவி, சிப் எது என்று தானே கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஆர்ம், ரிஸ்க் ஃபைவ் சிப்புகளுக்கு ஓப்பன்ஓசிடி. டொமினிக் ராத் என்பவர் 2005இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் தம் பட்டப்படிப்பு ஆய்வாகத் தொடங்கியது. அதில் மைனஸ் எஃப் என்று இரண்டு தடவை போட வேண்டும். முதலில் இன்டர்ஃபேஸ் ஃபைல், அது புரோகிராமர். அடுத்து டார்கெட் ஃபைல், அது சிப். ஏவிஆர்டியூடின் மைனஸ் சி, மைனஸ் பி இரண்டும் இங்கே இரண்டு ஃபைலாக உட்கார்ந்திருக்கின்றன. நம் சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான சக்தி பிராசசரை ஆர்ட்டி போர்டில் ஓட்டிப் பார்க்கிற மாணவர்களும் நிரலை ஏற்றுவது ஓப்பன்ஓசிடி வழியாகத்தான். பிராசசர் நம்முடையது, வழி உலகத்துக்குப் பொது. அப்படி வைத்ததால்தான் அதற்கென்று தனிப் புரோகிராமர் தேடி அலைய வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் லேப்டாப்பில் அர்டுய்னோ மென்பொருளோடு வந்த ஏவிஆர்டியூட் 6.3 ஆக இருக்கலாம். அதில் சிப்பைச் சொல்லிப் புரோகிராமரைக் கேட்டால் வடிகட்டாமல் நூறு பெயரையும் கொட்டும். தனியாகப் புதுப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸில் யூஎஸ்பிஏஎஸ்பிக்கு ஸாடிக் என்ற கருவியை வைத்து டிரைவர் போட வேண்டும், லினக்ஸில் யூடெவ் விதி ஒன்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் ‘பெர்மிஷன் டினைட்’ என்று வரும், அதைப் பார்த்து உடனே சூடோ போடுவதும் எஃப் போடுகிற ஜாதிதான். பின்னால் மேசையில் நான்கு சிப், மூன்று புரோகிராமர் வைத்திருக்கிறோம். எதிலும் பெயர்ச்சீட்டு ஒட்டவில்லை. லென்ஸ் இருக்கிறது. கம்பியை மாட்டுவதற்கு முன்னால் எதற்கு எது ஆகும் என்று எழுதிக் கொடுங்கள், பிறகு மாட்டிப் பார்ப்போம்.